பக்கத்துப் போஸ்டல் கோட்டுக்காரிகள்

டோர்வல் விமான நிலையத்தில் சாப்பாட்டுத் தட்டு அடுக்கும் வேலையிலிருந்து கோடை முடியும்வரை விடுப்பு எடுத்தேன். வீட்டிலிருந்து சாறி பிளவுஸ் தைத்துப் பார்ப்பது, அதற்குள் தையல் பிடிபடாவிட்டால் மறுபடி தட்டுக்கே போவது என்று முடிவு. ஓய்வு நேரத்தில் தமிழ்க் கடைகளுக்கென ஓர் இணையத்தளம் நடத்தும் என் கணவர், அதில் என் தையலையும் சேர்த்துவிட்டு, "இனி ஆக்கள் வரிசையிலை நிப்பினம், பாரும்" என்றார்.

ஒரு ஈ காக்கைகூட எட்டிப் பார்க்கவில்லை.

தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம், பார்க் எக்ஸில் இருக்கும் சிநேகிதி வீட்டுக்கு ஒருநாள் நடந்து போயிருந்தேன். அவள் தன் போனில் அந்தத் தளத்தைத் திறந்து, தன்னுடைய அஞ்சல் குறியீட்டைப் போட்டு, தையல் என்று தேடினாள். 'உங்கள் அருகில் எவரும் இல்லை' என்று வந்தது. அவளுக்கு அருகில் சோபாவில் உட்கார்ந்து அவளுடைய வடையைத் தின்றுகொண்டிருந்த எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வீட்டுக்கு வந்ததும் கணவரைப் பிடித்துக்கொண்டேன். அவர் அமைதியாக விளக்கினார். "நாங்கள் வில்லரே, அவ பார்க் எக்ஸ். போஸ்டல் கோட்டிலை முதல் மூண்டு எழுத்தும் ஒண்டா இருந்தாத்தான் தேடலிலை வரும்."

"அங்கை மீன் பொரிச்சா இங்கை மணக்குது. உங்கட தளத்துக்கு மட்டும் மூக்கடைச்ச தடிமனோ?"

அந்த வார இறுதி முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வரைபடத்தோடு இருந்தார். ஒவ்வொரு குறியீட்டுக்கும் அக்கம்பக்கத்துக் குறியீடுகள் எவை என்று எழுதி, தேடும்போது அவற்றையும் சேர்த்துப் பார்க்கும்படி செய்தார். பெருமையோடு காட்டினார். எங்கள் நகரம் இருக்கும் தீவின் ஒரு துண்டுக்குப் பக்கத்தில், அக்கரை ஊரான புரோசார்ட் இருந்தது.

"இடையிலை ஆறல்லோ ஓடுது. பிளவுஸ் தைக்க நீந்தியோ வாறது?"

"வரைபடத்திலை எல்லை முட்டுதப்பா."

"முட்டட்டும். நடந்து வரேலுமோ எண்டு பாருங்கோ."

முணுமுணுத்தபடி அதை நீக்கினார்.

பிறகு போன் அடிக்கத் தொடங்கியது. எல்லாரும் பார்க் எக்ஸ்காரிகள். எங்கள் குறியீட்டிலிருந்து மட்டும் ஒருத்தியும் வரவில்லை. இத்தனைக்கும் எங்கள் தெருவில் தேடினால் முதலில் வருவது நான்தான். மேல்மாடிக்காரி என் கதவைத் தாண்டித்தான் சாறிப் பையோடு தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் போனாள். எனக்கு மனம் நொந்துபோயிற்று. அடுத்த முறை அவளுக்குக் கொடுத்தனுப்பிய கறியில் உப்பை மட்டும் கொஞ்சம் குறைத்துவிட்டேன்.

விஷயத்தைப் போட்டு உடைத்தது, அளவெடுக்க வந்த ஒரு வாடிக்கையாளர். "எங்கட பில்டிங்கிலையும் ஒரு அக்கா நல்லாத் தைப்பா. ஆனா அவவிட்டைக் குடுத்தா, சாமத்திய வீட்டுச் சடங்குக்கு முதலே என்ர சாறி என்ன நிறமெண்டு எல்லா மாடிக்கும் தெரிஞ்சிடும். அதுதான் இஞ்சை வாறன்."

எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. மேல்மாடிக்காரி மேலிருந்த கோபமும் அதோடு போயிற்று. போன மாதச் சாமத்திய வீட்டுக்கு நானே என் சாறியைப் பெட்டிக்கு அடியில் ஒளித்து வைத்தவள்தானே.

அன்று கணவரிடம் சொன்னேன். "எங்கட கோட்டிலை என்னைக் காட்ட வேண்டாம். பக்கத்துக் கோட்டுகளிலை மட்டும் காட்டுங்கோ."

"கிட்ட இருக்கிறதைக் காட்டத்தானேயப்பா தேடல்?"

"கிட்ட இருக்கவேணும், தெரிஞ்சவையின்ர கண்ணிலை படவும் கூடாது. அதையும் எழுதுங்கோ."

எழுதினார்.

கோடை முடியும் நேரத்தில் டோர்வல் மேற்பார்வையாளர் அழைத்தார். என் முன்னால் ஒருத்தி கைகளை விரித்துக்கொண்டு நின்றாள், இன்னும் இருவர் சோபாவில் காத்திருந்தார்கள். என் உதடுகளுக்கிடையில் குண்டூசிகள். கணவர் போனை எடுத்து, திங்கட்கிழமை வருவாயா என்று கேட்கிறார் என்றார். நான் இல்லையென்று தலையாட்டினேன். தனக்குத் தெரிந்த பிரெஞ்சில் அவர் அதைச் சொல்லி முடித்து, நன்றிக்கு மெர்சியும் சொல்லி வைத்தார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அளவு நாடாவில் இலக்கம் தெரியாமல், அவளை அப்படியே கொஞ்சநேரம் கையை விரித்தபடி நிற்க வைத்தேன்.