கறுப்புக் கண்ணாடியோடு வந்த இறுதிப் போட்டி

1. கடற்கரையில் கதாநாயகர்கள்

இறுதிப் போட்டிக்கு முந்திய கிழமை, காலையில் மீன் வாங்க உடப்புக் கடற்கரைக்குப் போனேன். கரைவலை இழுத்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார்கள். படப்பிடிப்பு நடக்கிறது என்று நினைத்து, நானும் தலையைச் சீவிக்கொண்டு கிட்டப் போனேன்.

"கிட்ட வராதீங்கண்ணே, கண்நோய்!" என்று கத்தினான் மாரி.

மாரி வலை இழுப்பவன் மட்டுமல்ல, எங்கள் உதைபந்தாட்ட லீக்கில் முதன்முறையாக இறுதிப் போட்டிக்கு வந்திருக்கும் அணியின் கெப்டன். அந்த அணி முழுவதும் ஒரே வலையில் வேலை செய்கிறவர்கள். ஒருவன் கண்ணைக் கசக்கிவிட்டுக் கயிற்றைப் பிடிப்பான், அதே இடத்தை அடுத்தவன் பிடிப்பான். மைதானத்தில் ஒருவருக்கொருவர் பந்தைக் கொடுக்கவே மாட்டார்கள். நோயை மட்டும் என்ன அழகாகப் 'பாஸ்' பண்ணியிருந்தார்கள்!

நான் லீக்கின் செயலாளர். ஆளில்லாத குறைக்கு ரெஃப்ரியும் நான்தான். "ரெஃப்ரிக்குக் கண் தெரியாது" என்ற வாழ்த்தொலி இல்லாமல் ஒரு போட்டியையும் நான் முடித்ததில்லை.

2. நான் டொக்டரான கதை

கண்ணைக் கண்ணால் பார்த்தால்தான் நோய் தொற்றும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. ஆகவே செயலாளர் என்ற அதிகாரத்தில் உடனே ஒரு சட்டம் போட்டேன்: கறுப்புக் கண்ணாடி போட்டால் விளையாடலாம். எவனுக்கு எவ்வளவு சிவந்திருக்கிறது என்று தெரிய வேண்டுமே? எல்லோரையும் வரிசையில் நிறுத்தி, ஒவ்வொருவன் கண்ணாடியையும் என் கையாலேயே தூக்கி, இமையை இழுத்துப் பார்த்தேன். வியர்த்தது. அதே கையால் என் முகத்தையும் துடைத்துக்கொண்டேன்.

அந்த நேரம் பார்த்து எங்கள் பகுதி பி.எச்.ஐ. ஐயாவும் மீன் வாங்க வந்தார். பொதுச் சுகாதாரத்துக்கு அவர்தான் பொறுப்பு. என் வைத்தியத்தைப் பார்த்தார்.

"செயலாளர், நோயை நீங்களே வரிசைப்படி விநியோகம் பண்றீங்களா?"

"இல்லை ஐயா, செக் பண்றேன்."

"இது வைரஸ். கண்ணால பார்த்துத் தொத்தாது, கையால தொத்தும். முகம் துடைக்கிற துவாயால தொத்தும். முதல்ல போய்ச் சவுக்காரம் போட்டுக் கையக் கழுவுங்க. கண் வெளுக்கிற வரைக்கும் இவங்க மைதானத்துப் பக்கம் போகக் கூடாது. எங்க போறதா இருந்தாலும் அங்க உள்ளவங்களுக்கு முன்னமே சொல்லிடணும், மறைக்கக் கூடாது."

கண்ணை மூடிவிட்டுக் கையைத் திறந்துவிட்ட என் சட்டம் அந்த இடத்திலேயே செத்தது.

3. கடல் கேட்குமா?

போட்டியை ஒரு கிழமை தள்ளிப் போடலாமே என்பீர்கள். அங்கேதான் சிக்கல். எங்கள் பக்கக் கடல் கொந்தளிக்கத் தொடங்கிவிட்டால், வலையையும் ஆட்களையும் லொறியில் ஏற்றிக்கொண்டு கிழக்குக் கரைக்குப் போய்விடுவார்கள். அந்த வருஷமும் லொறி பேசியாயிற்று. போனால் திரும்ப மாதக்கணக்காகும். அதற்குள் லீக்கும் முடிந்துவிடும், கிண்ணமும் இறுதிப் போட்டியில் எதிரணியான எத்தாளைக்குப் போய்விடும்.

வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியிடம் போய்க் கெஞ்சினேன்.

"கடல் உங்கட லீக்கைக் கேட்டுட்டா கொந்தளிக்குது?" என்றார். "கண்ணு போற வழியில சரியாகும். லொறி நிக்காது."

மாரி பக்கத்தில் நின்று கால்விரலால் மணலைக் கிண்டினான். "பரவாயில்லண்ணே. எங்களுக்கு ஃபைனல் எழுதல்ல" என்றான். கறுப்புக் கண்ணாடிக்குக் கீழே தண்ணீர் இறங்கியது. நோய்த் தண்ணீர்தான் என்று அவன் சொன்னான். நானும் நம்பினேன்.

அடுத்து எத்தாளை அணியின் கெப்டன் ரிஸ்வானுக்கு ஃபோன் எடுத்தேன். வராத அணிக்கு எதிராக 'வோக் ஓவர்' கேட்க அவனுக்கு முழு உரிமையும் இருந்தது.

"என்ன கதை கதைக்கிறீங்க அண்ணன்?" என்றான். "ஆடாமக் கப்பத் தூக்கிட்டுப் போனா எங்கட வாப்பாவே ஊட்டுக்குள்ள எடுக்க மாட்டார். அவங்க சொகமாகட்டும். நாங்க ஆடித்தான் வெல்ற."

எதிரணியே காத்திருக்கத் தயார். லொறிதான் தயாரில்லை.

4. சுகாதார அறிவித்தல்

எங்கே போனாலும் முன்னமே சொல்ல வேண்டும் என்று பி.எச்.ஐ. ஐயா சொல்லியிருந்தாரல்லவா? நான் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவன். கிழக்குக் கரையில் இவர்கள் தங்கும் கொட்டில்களின் சொந்தக்காரரான வாடிக்காரரின் ஃபோன் இலக்கம் என்னிடம் இருந்தது. நல்ல பிள்ளையாக, உள்ளதை உள்ளபடி சொன்னேன். கூட்டிச் சொல்லவில்லை. கொஞ்சம் இருமினேன், அவ்வளவுதான்.

மறுநாள் பின்னேரம் சம்மாட்டி மூச்சு வாங்க என் வீட்டுக்கு வந்தார். "கண்ணு வெளுக்காம ஒருத்தனும் இந்தப் பக்கம் வரக் கூடாதுன்னு வாடிக்காரன் நிக்கிறான்! அவனுக்கு ஆர் சொன்னது?"

"வைரஸ் காற்றைவிட வேகமாப் பரவும் அண்ணே" என்றேன். நானும் அப்போது கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தேன். என் வைத்தியத்தின் கூலி அன்று காலையிலேயே என் கண்ணுக்கு வந்து சேர்ந்திருந்தது.

லொறி நின்றது.

5. போட்டி

மாரியின் ஆட்களுக்குக் கண் வெளுத்து, பி.எச்.ஐ. ஐயா தலையாட்டிய பிறகு போட்டி நடந்தது. கைகுலுக்கல் இல்லை. ஒரு பக்கம் கும்பிட்டார்கள், மறுபக்கம் நெஞ்சில் கை வைத்துக் குனிந்தார்கள். ஒவ்வொருவனும் தன் துவாயைத் தானே கொண்டுவந்தான். பிந்தித் தொற்றிய எனக்கு மட்டும் இன்னும் வெளுக்கவில்லை. மைதானத்துக்குத் தூரத்தில், தென்னைக்குக் கீழே ஒரு கதிரை போட்டுத் தனியாக உட்கார வைத்தார்கள். சிலாபத்திலிருந்து ஒரு ரெஃப்ரியை வரவழைத்திருந்தோம்.

இரண்டுக்கு ஒன்று என்று எத்தாளை வென்றது. மாரி தூரத்தில் நின்றபடியே கத்தினான்: "தோத்துட்டோம்ணே! ஆனா ஆடித் தோத்தோம்!" மறுநாள் லொறி புறப்பட்டபோது அந்த இரண்டாம் கோல் ஓஃப்சைட்டா இல்லையா என்று சண்டை பிடித்துக்கொண்டே போனார்கள். வோக் ஓவரில் தோற்றிருந்தால் சண்டை பிடிக்க என்ன இருந்திருக்கும்?

தம்பிமாரே, அணிக்குள் நோய் புகுந்தால் முதலில் கையைக் கழுவுங்கள். பிறகு சொல்ல வேண்டியவர்களுக்கெல்லாம் சொல்லுங்கள். கண்ணாடியைக் கடைசியில் வாங்கலாம்.

அந்த இரண்டாம் கோலுக்குப் புது ரெஃப்ரி விசில் ஊதியபோது, சனத்துக்குள்ளிருந்து யாரோ கத்தினது தென்னை வரைக்கும் கேட்டது:

"அந்தக் கண்நோய்க்காரரையே கூட்டி வாங்கடா! அவருக்காவது பாதி தெரியும்!"

இத்தனை வருஷத்தில் எனக்குக் கிடைத்த ஒரேயொரு பாராட்டு அதுதான்.