மரத்துக்கு வழுக்கை விழுந்தது

என் சித்தப்பா சலூன் வைத்திருக்கிறார். வழுக்கை விழுந்தவர்கள் ஊரின் மறுகோடியிலிருந்தும் அவரைத் தேடி வருவார்கள். பக்கத்து முடியை நீளமாக விட்டு, மேலே இழுத்துப் படியவைத்து, இல்லாததை இருப்பதாகக் காட்டிவிடுவார். வாயால் அது முடியாது. பொய் சொன்னால் காது சிவந்துவிடும்.

வீட்டு வாசலில் சித்தி வளர்க்கும் ஊசியிலை மரம் ஒன்று நிற்கிறது. ரொம்பக் குட்டையும் இல்லாத, நெட்டையும் இல்லாத ரகம், எப்போதும் பச்சை. சாண் உயரக் கன்றாக வாங்கியது, இத்தனை வருடத்தில் இப்போதுதான் அவள் தோளைத் தொட்டிருக்கிறது.

மகளின் பிரசவத்துக்குக் கிளம்பும்போது சித்தி சொன்னாள்: "தண்ணி மட்டும் ஊத்துங்க. கத்தரிக்கோலோட பக்கத்துல போகாதீங்க."

சித்தப்பா போனார். ஒரு பக்கம் பாதையில் நீட்டிக்கொண்டிருந்தது கண்ணை உறுத்தியிருக்கிறது. காதோரம் ஒதுக்குவதுபோல ஒட்ட வெட்டிவிட்டார். உள்ளே வெறும் பழுப்புக் குச்சிகள்.

"வளந்துடும்டா" என்றார் என்னிடம். வளரவில்லை.

நர்சரிக்கார அம்மா என் போனில் படத்தைப் பார்த்தார். "பச்சை இல்லாத கட்டையில இது துளிர்க்காது. எங்கயாவது கொஞ்சம் பச்சை விட்டிருந்தா அங்க வரும்."

அதன்பின் சித்தப்பாவுக்குச் சோறு இறங்கவில்லை. சித்தி கோபம் வந்தால் கத்தமாட்டாள், பேச்சையே நிறுத்திவிடுவாள். அதுதான் அவருக்குப் பயம்.

அவள் திரும்பும் நாள் காலையில் நான் போனபோது, மேல்கிளைகளை வெட்டிய பக்கத்தின் மேல் வளைத்து நூலால் கட்டி, ஊசியிலைகளைச் சீப்பால் வாரிக்கொண்டிருந்தார்.

"தெரியுதாடா?"

"காத்தடிச்சா தெரியும் சித்தப்பா."

"அது என் கஸ்டமருக்கும் உள்ளதுதான்."

சித்தி பையைக்கூட இறக்காமல் மரத்தின் முன் நின்றாள். சித்தப்பாவின் காது சிவந்தது. அவள் எதுவும் பேசவில்லை. நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கடையில எத்தனை தலையில பாத்திருக்கேன் இதை" என்றாள் கடைசியில். "மரத்தையும் விடலையா நீங்க?"

சிரித்துவிட்டாள். படியில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு குனிந்து கிளைகளை விலக்கினாள். அடியில், கத்தரிக்கோல் எட்டாமல் விட்ட துளிப் பச்சையில், சில இளந்துளிர் முனைகள்.

"வருது, பாருங்க."

சித்தப்பா மண்டியிட்டு வெகுநேரம் பார்த்தார். நூலை அவிழ்க்கக் கை நீட்டினார்.

"இருக்கட்டும். அது வளர்ற வரைக்கும் இப்படியே வாரி விடுங்க."

எழுந்தவர் என்னைப் பார்த்தார். "டேய், சாப்பிட ஏதாவது இருக்கா உள்ள?"