சட்டைப் பை இல்லாதவர்கள்

எங்கள் நடுநிலைப்பள்ளிக்கு ஸ்மார்ட் போர்டு வந்த அன்று, அதில் எழுதும் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு தலைமை ஆசிரியை எங்களைச் சுற்றிப் பார்த்தார். ஆசிரியர்களில் நாங்கள் நான்கு பெண்கள், ஒரே ஓர் ஆண். கடைசியில் தமிழய்யாவின் சட்டைப் பையில், சிவப்பு மைப் பேனாவுக்குப் பக்கத்தில் அதைச் செருகினார். "ஐயா பையில இருந்தா தொலையாது. நமக்கெல்லாம் பை ஏது?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஆசிரியர் வேலை கிடைக்கும் முன் கள்ளக்குறிச்சியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் மூன்று வருடம் பாடம் நடத்தியவள் நான். பிள்ளைப்பேறு விடுப்பு முடிந்து அப்போதுதான் திரும்பியிருந்தேன். "கைக்கொழந்தக்காரி, உனக்கு எதுக்கும்மா இந்தச் சுமை" என்று தலைமை ஆசிரியை பரிவோடுதான் சொன்னார். பரிவாகச் சொன்னதாலேயே மறுக்கத் தெரியவில்லை. கேட்டிருந்தால் கொடுத்திருப்பாரோ? கேட்காமல் இருந்ததும் என் தவறுதானோ? இன்றும் மாற்றி மாற்றி யோசிக்கிறேன்.

எங்கள் பள்ளியில் வயர் உள்ள எதுவும் தமிழய்யாவிடம் போய்விடும். ஃபியூஸ் போனாலும் அவர், மோட்டார் நின்றாலும் அவர். எட்டாம் வகுப்புப் பையன்கள் டெஸ்டரும் வயர்ச் சுருளும் தூக்கிக்கொண்டு பின்னால் போவார்கள். பெண் பிள்ளைகள் கீழே விழுந்த வயர்த் துண்டுகளைப் பெருக்குவார்கள். என் அறிவியல் பாடத்துக்குப் போர்டைப் போட வேண்டுமானால், பக்கத்து வகுப்பிலிருந்து அவரைக் கூப்பிட்டு, அவர் வந்து போட்டுவிட்டுப் போகும்வரை நான் சாக்பீஸோடு ஓரமாக நிற்க வேண்டும். ஒரு பாக்கெட் நோட்டைப் பார்த்துப் பார்த்துத்தான் அழுத்துவார். "முதலில் பச்சை, பிறகு வீடு போன்ற படம்" என்று வரிசையாக எழுதி வைத்திருந்தார். அதைக் கண்டபோதெல்லாம் எனக்குப் பொறாமையாக இருந்தது.

ஒரு நாள் சாப்பாட்டு வேளையில் அவரே சொன்னார்: "டீச்சர், இந்த போர்ட பாத்தாலே எனக்கு ஒதறுது. தெரியாதுன்னு சொன்னா, மீச வெச்ச ஆளுக்கு இதுகூட வரலையான்னு கேப்பாங்க. இன்னா பண்றது?" அந்த நிமிடத்தில் 'என்னிடம் கொடுங்கள்' என்று சொல்லியிருக்கலாம். "பழகிடும் ஐயா" என்றேன். அவராகவே விழட்டும் என்று எங்கோ உள்ளுக்குள் நினைத்திருக்கிறேன்.

விழுந்தார். கல்வி அலுவலர் பார்வையிட வந்த அன்று, திரையில் 'சிக்னல் இல்லை' என்று வந்தது. ரிமோட்டில் ஒரு பொத்தானை ஒருமுறை அழுத்தினால் போதும். நான் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்தே எனக்கு அது தெரிந்தது. அவருடைய நோட்டில் அது இல்லை. பெஞ்சின்மேல் ஏறி வயர்களைப் பிடுங்கிப் பிடுங்கிச் செருகினார். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. பின்வரிசைப் பையன்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். அவர் ஒருமுறை என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் வருகைப் பதிவேட்டைப் பார்த்தேன்.

"கரண்ட் கம்மியா வருதுங்க சார்" என்று அலுவலரிடம் பொய் சொன்னார். மின்விசிறி தலைக்குமேல் வேகமாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

இனிப் பேனா என்னிடம் வரும் என்று காத்திருந்தேன். தலைமை ஆசிரியை வேறு முடிவுக்கு வந்தார். "ஆம்பளைக்கே வரல, நமக்கு எங்க வரப்போவுது" என்று போர்டைப் பழைய போர்வையால் மூடி, அறையையும் பூட்டிவிட்டார். என் பொறாமையால் எனக்கும் பயனில்லை, பிள்ளைகளுக்கும் பயனில்லை. அடுத்த இடமாறுதல் கலந்தாய்வில், எல்லோரும் தவிர்க்கும் கல்வராயன் மலைப் பள்ளி ஒன்றைத் தமிழய்யா தாமாகவே கேட்டு வாங்கிக்கொண்டு போனார். கச்சிராயபாளையத்தில் பேருந்து ஏற்றிவிடப் போன எங்களிடம், மலையில் குளிர்ச்சியாக இருக்கும் என்று மட்டும் சொன்னார்.

போன வாரம் போன் செய்தார். "இங்கயும் ஒரு போர்டு வந்துச்சு டீச்சர். மொத நாளே பசங்க கிட்ட எனக்கு வராதுன்னு சொல்லிட்டேன். ஏழாவது படிக்கிற பொண்ணு ஒண்ணு ஓட்டிக்கினு இருக்கு. நான் கைகட்டி நின்னு பாக்குறேன்."

நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். "ஐயா, அன்னிக்கு எனக்குத் தெரியும்."

"தெரியும் டீச்சர்" என்றார். "ரெஜிஸ்டர தலகீழா வெச்சிக்கினு படிச்சீங்களே." சொல்லிவிட்டு வாய்விட்டுச் சிரித்தார்.

போனை வைத்த பிறகும் அந்தச் சிரிப்பின்மேல் பொறாமையாக இருந்தது. தெரியாது என்று சொன்ன ஒருவரால்தான் அப்படிச் சிரிக்க முடியும். அதைவிடப் பொறாமை, முகம் தெரியாத அந்த மலைப் பெண்ணின்மேல். பன்னிரண்டு வயதில் அவளிடம் ஒருவர் பேனாவைக் கொடுத்துவிட்டார், அவளும் வாங்கிக்கொண்டாள். என் மகள் வளர்ந்து ஒரு வகுப்பில் உட்காரும்போது வாங்குவாளா, இல்லை, என்னைப்போல் பதிவேட்டைப் பார்ப்பாளா என்று அன்று முழுவதும் மனம் அடித்துக்கொண்டது.

மறுநாள் காலை தலைமை ஆசிரியையிடம் அந்த அறையின் சாவியைக் கேட்டேன். நல்லெண்ணத்தால் கேட்டேன் என்று சொல்லிக்கொள்ள முடியாது.

"உனக்கு எதுக்கும்மா?" என்றார்.

"எனக்கு அத ஓட்டத் தெரியும் மேடம்."

சாவியைத் தேடிய கை மேசை இழுப்பறையிலேயே நின்றது. மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"அப்ப இத்தன நாளா இன்னா பண்ணிக்கினு இருந்த?"