அவள் குரலில் பேசியவன்

இந்தத் தொழிலில் இருப்பவர்கள் அருவருப்பு என்ற சொல்லை வாயில் எடுக்கக் கூடாது என்பார்கள். நான் எடுக்கிறேன். வீட்டுப் பெண்களை அடித்து, வழக்காகி, நீதிமன்றம் நிபந்தனை போட்டு வெளியே விட்ட ஆண்களோடு வாரம் தவறாமல் உட்கார்ந்து பேசி, அவர்கள் மனசைத் திருப்பப் பார்ப்பது என் வேலை. டாக்டர்கள் இவர்களில் பலருக்கு ஆளுமைக் கோளாறு என்று எழுதிக் கொடுப்பார்கள். வீட்டாரைக் கேட்டால், "குணம் கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கும், மத்தபடி தங்கமான புள்ளைங்க" என்பார்கள். அந்தத் தங்கத்தை உரசிப் பார்க்க நான்.

காந்தி மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு மாடி அறையில்தான் கூடுவோம். ஜன்னலைத் திறந்தால் அழுகிய முட்டைக்கோஸ் நாற்றம். மூடினால் உள்ளே இருப்பவர்களின் வியர்வையும் புளுகும். முட்டைக்கோஸே மேல் என்று பல நாள் திறந்துதான் வைத்திருக்கிறேன்.

கூடவே ஒரு நன்னடத்தை அலுவலர் இருப்பார். வெளியே வந்தவர்கள் நிபந்தனையை மீறாமல் பார்த்துக்கொள்வது அவர் பொறுப்பு. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குத் தவறாத கத்தோலிக்கர், நல்ல மனிதர். ஒரு ஆண் கண்ணீர் விட்டுவிட்டால் அவன் மனம் திரும்பிவிட்டான் என்று நம்புகிற அளவுக்கு நல்லவர்.

அந்த வருடம் வந்தவர்களில் ஒருவன் ஜவுளிக்கடையில் புடவை எடுத்துப் போடுகிறவன். சோறு குழைந்துவிட்டது என்று மனைவியின் கையை முறித்தவன். கடையில் பழகிய நாக்கு. அவன் பேச ஆரம்பித்தால் எதிரே இருப்பவர் எதையாவது வாங்காமல் எழுந்திருக்க முடியாது. முதல் நாளே, "மேடம், அந்தப் பொண்ணு கை உடைஞ்ச சத்தம் இன்னும் என் காதுல கேக்குதுங்க" என்றான். சொல்லிவிட்டு, நான் எழுதிக்கொள்கிறேனா என்று ஓரக்கண்ணால் பார்த்தான். நான் பேனாவை மூடி வைத்தேன்.

அவன் மனைவி பாலக்கரையில் இருந்த வீட்டை விட்டுப் போய் ஸ்ரீரங்கத்தில் ஒரு மாடிப் போர்ஷனில் தனியாக இருந்தாள். அந்த விலாசம் எனக்கும், அலுவலருக்கும், அவளுடைய அண்ணனுக்கும்தான் தெரியும். அவன் அவள் பக்கமே போகக் கூடாது என்பது நிபந்தனை. அதைத் தளர்த்தச் சொல்லி அவன் மனுப் போட்டிருந்தான். பெரியவர்கள் முன்னிலையில் பேசிச் சேர்ந்து வாழ வேண்டுமாம். என் அபிப்பிராயம் கேட்டு நீதிமன்றத்திலிருந்து கடிதம் வந்திருந்தது. நான் சரி என்றால் அவன் அவள் வாசலில் நிற்பான்.

அலுவலருக்கு அவனைப் பிடித்துப்போயிருந்தது. முக்கியமான காரணம் சமயபுரம். வாராவாரம் மஞ்சள் வேட்டி கட்டிக்கொண்டு நடந்தே போய் அம்மனைக் கும்பிட்டு வருவான். திரும்பும்போது எங்கள் எல்லோருக்கும் குங்குமம் கொண்டு வருவான். "சாமி யாரா இருந்தா என்ன மேடம், பயபக்தி வந்திருக்கு பாருங்க" என்பார் அலுவலர். நான் அந்தக் குங்குமத்தை வாங்கி மேஜை ஓரத்தில் வைத்துவிடுவேன்.

எங்கள் அறையில் ஒரு பழக்கம் உண்டு. நடுவில் ஒரு நாற்காலி போடுவோம். ஒவ்வொருவரும் அதில் உட்கார்ந்து, தான் அடித்த பெண்ணாகவே பேச வேண்டும். எடுத்த எடுப்பில் அடியைப் பற்றிக் கேட்க மாட்டேன். அழுகையும் ஒப்பாரியும் எவனுக்கும் சுலபமாக வரும். "இன்னைக்கு உங்க பொழுது எப்படிப் போச்சுங்க?" என்றுதான் கேட்பேன். பெரும்பாலும் எல்லோரும் அங்கேயே மாட்டிக்கொள்வார்கள். "காலையில எந்திரிச்சேன்... சமைச்சேன்... அப்புறம் டிவி பார்த்தேன்" என்று இழுப்பார்கள். கூடவே குடும்பம் நடத்தியவளின் ஒரு நாள் எப்படிப் போகிறது என்று ஒருமுறையாவது பார்த்திருந்தால்தானே?

அன்றைக்கு அவன் முறை. நாற்காலியில் உட்கார்ந்ததும் தோளைக் குறுக்கினான். ஒரு கையை முறிந்த கை போல மடியில் வைத்து இன்னொரு கையால் தாங்கிக்கொண்டான். குரல் அப்படியே அவளுடையது.

"என்னத்தங்க சொல்றது? ஒத்தக் கையால துணி பிழியறதே பெரும்பாடு. அதைக் கொண்டுபோய்க் காயப்போட்டா குரங்கு வந்து இழுத்துக்கிட்டுப் போயிடுது. கீழ்வீட்டு மாமி கம்பை எடுத்துக்கிட்டு, சனியனே சனியனேன்னு மாடிக்கு ஓடி வராங்க. அது பாவாடையைத் தலையில போட்டுக்கிட்டு மாமியையே பாக்குது."

எல்லோரும் சிரித்தார்கள். அலுவலரும்தான். சிரிப்பு கிடைத்ததில் அவன் முகம் மலர்ந்தது. இரண்டு வாரம் முன்பு நான் அவளைப் பார்க்கப் போயிருந்தபோது இதே குரங்குக் கதையை அவள் என்னிடம் சொல்லியிருந்தாள். மாமி கம்போடு மாடி ஏறியதை நானே பார்த்தேன். பாலக்கரை வீட்டில் குரங்கும் கிடையாது, மாமியும் கிடையாது.

அவனோ நிறுத்தவில்லை. குரலை இன்னும் தாழ்த்தி, "எல்லாம் என் விதிங்க. ஆனா அவரை நான் மன்னிச்சுட்டேன். அவரும் மனுஷன்தானே?" என்று சொல்லி முந்தானை இல்லாத தோளில் கண்ணைத் துடைத்துக்கொண்டான். தன் மனைவியின் கையை உடைத்த இன்னொருவன் விசும்பினான். யாரோ கை தட்டினார்கள். அலுவலர் கைக்குட்டையை எடுத்துவிட்டார். அந்த அறையிலிருந்த ஒவ்வொருவர் மேலும் எனக்கு அருவருப்பு பொங்கியது.

எல்லோரும் போன பிறகு அலுவலரிடம் சொன்னேன். "கற்பனையா சொல்லியிருப்பார் மேடம்" என்றார்.

"மாமியுமா கற்பனை? கம்புமா?"

அவர் மேஜை ஓரத்துக் குங்குமத்தைப் பார்த்தார். பிறகு, "சமயபுரம் போற வழியில..." என்று ஆரம்பித்து அப்படியே நின்றுவிட்டார். காவேரிப் பாலம் தாண்டி, ஸ்ரீரங்கத்தை ஒட்டித்தானே நடந்து போக வேண்டும்? மஞ்சள் வேட்டிக் கூட்டத்தில் தெரு ஓரமாக ஒருவன் நின்று மாடியைப் பார்த்துக்கொண்டிருந்தால் யார் கேட்கப் போகிறார்கள்? விலாசத்தை யாரிடம் கறந்தானோ தெரியாது, வாராவாரம் அம்மன் பேரைச் சொல்லி அவளைப் பார்த்துவிட்டு, அந்தக் கையோடு எங்களுக்குக் குங்குமமும் கொடுத்திருக்கிறான். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். கை தட்டல் வாங்கும் ஆசை மட்டும் இல்லாமல் இருந்திருந்தால் இந்தத் தவளை கெட்டிருக்காது.

மனுவை எதிர்த்து அன்றே எழுதினேன். அலுவலர் தானே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார். "மாடியைப் பாத்ததுக்கு என்ன சார் கேஸு போடறது? விசாரிக்கிறோம்" என்று அனுப்பிவிட்டார்களாம். நான் நேரே ஸ்ரீரங்கத்துக்குப் பஸ் ஏறினேன்.

அவள் சாதத்தை வடித்துக்கொண்டிருந்தாள். ஒரு கையால் பானையைச் சாய்த்து, வளையாத கையால் மூடியை அழுத்திப் பிடித்திருந்தாள். நடந்ததைச் சொன்னேன். அழுவாள், கத்துவாள் என்று நினைத்தேன். கஞ்சி முழுக்க வடியும் வரை அவள் திரும்பவே இல்லை.

"என்னை மாதிரியே பேசினாராங்க?"

"ஆமாம்மா."

"எல்லாரும் நம்பினாங்களா?"

"நம்பினாங்க."

"அதுல நான் அவரை மன்னிச்சேனா மேடம்?"

மறைக்கத் தோன்றவில்லை. "மன்னிச்சீங்க" என்றேன்.

அவள் பானையை நிமிர்த்தி வைத்துவிட்டுப் பரணிலிருந்து பையை இழுத்தாள். புடவைகளை மடிக்காமலே உள்ளே திணித்தாள். போலீஸுக்குச் சொல்லியிருக்கிறது, மனுவையும் எதிர்த்திருக்கிறேன், இரண்டு நாள் பொறுங்கள் என்று நான் ஏதேதோ சொல்லிக்கொண்டிருந்தேன்.

"உங்களுக்கு அவரைத் தெரியாதுங்க" என்றாள். "அடிச்சுட்டு வெளியே போனா, நான் மன்னிச்சதா அவரே முடிவு பண்ணிக்கிட்ட பிறகுதான் வீட்டுக்கு வருவாரு. கையை உடைச்சதும் அப்படி வந்த அன்னைக்குத்தான்."