ஜன்னல் கவருக்குள் வேறொரு வீடு

மாலதி பார்க்கும் வேலைக்கு அவள் ஊரான அகரத்தில் பெயர் கிடையாது. யாராவது கேட்டால் அவள் அம்மா, கம்ப்யூட்டரில் லெட்டரைப் பார்த்து அனுப்புகிறாள் என்பாள். அரசாங்க வேலை கிடைக்கும் வரைக்கும்தான் என்று அப்பா அவசரமாகச் சேர்த்துக்கொள்வார். அந்த வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் அவள். படித்த படிப்புக்கும் இந்த வேலைக்கும் என்ன சம்பந்தம் என்று திண்டுக்கல் பஸ்ஸில் தினமும் தன்னையே கேட்டுக்கொள்வாள். பதில் வருவதற்குள் இறங்கும் இடம் வந்துவிடும்.

அவள் வேலை பார்க்கும் அச்சகம் இனிகோ அண்ணனுடையது. ஆயிரக்கணக்கில் கடிதம் அடித்து, மடித்து, ஜன்னல் கவரில் போட்டுத் தபாலில் சேர்ப்பது வரை அவர்கள் பொறுப்பு. ஜன்னல் கவரின் முன்பக்கம் சின்னதாக ஒரு கண்ணாடித்தாள் இருக்கும். உள்ளே கடிதத்தில் அடித்த விலாசமே அதன் வழியாகத் தெரியும். அச்சுக்குப் போகும் முன்னால், ஒவ்வொரு கடிதமும் கவருக்குள் எப்படி உட்காரும் என்று திரையில் காட்டும் மென்பொருள் ஒன்று வைத்திருந்தார்கள். முதலில் மூன்று, நடுவில் மூன்று, கடைசியில் மூன்று பார்ப்பது அங்கே வழக்கம். விலாசம் ஜன்னலுக்குள் நின்றால் மாலதி கையெழுத்துப் போடுவாள். மெஷின் ஓடும்.

அந்தச் சனிக்கிழமை ஆயிரத்து நூற்று நாற்பது கடிதங்கள். ஒரு தொண்டு நிறுவனம் மில் பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய்ப் பரிசோதனை முகாம் நடத்தியிருந்தது. பெரும்பாலான கடிதங்கள் கவலைப்பட ஒன்றுமில்லை என்றன. சில மட்டும், புதன்கிழமை மறுபரிசோதனைக்கு வரச் சொல்லின. பகல் ஒரு மணிக்குள் தபால் நிலையத்தில் கொடுத்தால்தான் புதனுக்குள் வீடு போய்ச் சேரும்.

பத்து மணிக்கு ஆட்டோக்காரர் பக்ருதீன் முதல் மூட்டையை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். மீதி அச்சாகிக்கொண்டிருந்தது. கை சும்மா இருக்கிறதே என்று மாலதி திரையில் அடுத்தது, அடுத்தது என்று தட்டிக்கொண்டிருந்தாள். ஓரிடத்தில் விரல் நின்றது.

லூர்தம்மாள், வயது 46. வேடசந்தூரில் ஒரு தெருப் பெயர். மறுபரிசோதனைக்கு வரவும்.

அகரத்தில் மாலதியின் தெருவுக்கு அடுத்த தெருவில் ஒரு லூர்தம்மாள் உண்டு. வயதும் அதுதான், அவளும் மில்லுக்குப் போகிறவள்தான். அந்தப் பெயரில் வேடசந்தூரிலும் ஒருத்தி இருக்கக் கூடாதா என்ன? தொண்டு நிறுவனம் அனுப்பிய பெயர்ப் பட்டியலைத் திறந்து, அந்தப் பெயருக்கு நேரே இருந்த நம்பரைத் தன் போனில் அடித்தாள். பத்தாவது எண்ணை அடித்ததும் திரையில் 'லூர்து அத்தை' என்று வந்தது.

"அத்தை, வேடசந்தூருக்கு வீடு மாத்திட்டீங்களா?"

"நான் எதுக்குடி மாத்துறேன்? இந்தா, வாசல்லதான் துணி காயப்போட்டுக்கிட்டு இருக்கேன். ஏன் கேக்குற?"

சும்மாதான் என்று சொல்லி வைத்துவிட்டாள். பட்டியலை மறுபடி பார்த்ததும் நேற்றுத் தான் செய்தது நினைவுக்கு வந்தது.

தபால் நிலையத்தில் பின்கோடு வாரியாகக் கட்டிக் கொடுக்க வேண்டும். அதற்காக நேற்று சாயங்காலம், பஸ்ஸுக்கு ஓடும் அவசரத்தில், விலாசத்தையும் பின்கோடையும் மட்டும் தேர்ந்து எக்செல்லில் வரிசைப்படுத்தினாள். பக்கத்தில் உள்ளதையும் சேர்த்து நகர்த்தவா என்று அது கேட்டது. படிக்காமலே வேண்டாம் என்று தட்டினாள். பெயரும் முடிவும் இருந்த இடத்தில் இருக்க, விலாசங்கள் மட்டும் இடம் மாறிவிட்டன. தனித்தனியாகப் பார்த்தால் ஒரு கடிதத்திலும் குறை தெரியாது. ஒரு பெயர், அதன் கீழ் ஒரு விலாசம், ஜன்னலுக்கு நடுவில் கச்சிதமாக.

யாரோ ஒருத்தியின் மார்பில் இருக்கும் கட்டியைப் பற்றி வேறு யாரோ ஒரு வீட்டில் பிரித்துப் படிப்பார்கள். அந்தப் பெண்ணுக்குப் புதன்கிழமை தெரியாமலே போய்விடும்.

சொல்லாவிட்டால் யாருக்குத் தெரியும்? பட்டியல் அப்படித்தான் வந்தது என்று எல்லோரும் நினைப்பார்கள். வேலையில் சேர்ந்து மூன்றாம் மாதம். இந்த நினைப்பு தனக்கு வந்ததே என்று பயந்துதான் அவள் எழுந்தாள். போய் மெஷினை நிறுத்தி, இனிகோவிடம் நடந்ததைச் சொன்னாள்.

இனிகோ சத்தம் போடவில்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

"பாத்தேன்னு கையெழுத்துப் போட்டியே தாயி. எதைப் பாத்த?"

"ஜன்னலைத்தாண்ணே பாத்தேன்."

பக்ருதீன் போனை எடுக்கவில்லை. ஆட்டோ ஓடும் சத்தத்தில் அவருக்கு எதுவும் கேட்காது. மாலதி இனிகோவின் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனாள். பஸ் ஸ்டாண்ட் பக்கம் நெரிசலில் ஒரு டவுன் பஸ் குறுக்கே நின்றது. முத்திரை விழுந்துவிட்டால் மூட்டை திரும்பி வருமா என்பது அவளுக்குத் தெரியாது. தபால் நிலையத்துக்குள் ஓடியபோது பக்ருதீன் கவுண்டருக்கு முன்னால், முதல் கட்டை எடுத்து மேலே வைத்துக்கொண்டிருந்தார்.

"வைக்காதீங்க பாய்" என்றாள். மூச்சு வாங்கியது. அவர் உடனே கட்டை இறக்கினார்.

திரும்பி வந்து, மூல மின்னஞ்சலிலிருந்து பட்டியலை மறுபடி இறக்கினாள். வரிசை முழுவதையும் சேர்த்து நகர்த்தினாள். இந்த முறை இனிகோ மூலப் பட்டியலிலிருந்து பெயரையும் ஊரையும் வாசிக்க, அவள் திரையில் பார்த்துப் பார்த்துத் தள்ளினாள். ஒன்பதோடு நிறுத்தவில்லை. எல்லாவற்றையும் சரிபார்க்க நேரமில்லை என்று தெரிந்ததும், மறுபரிசோதனைக் கடிதங்களை ஒன்று விடாமல் பார்த்தார்கள். அறுபத்து மூன்று. மற்றவற்றில் ஊருக்குப் பத்து. பிறகு மெஷின் மறுபடி ஓடியது. இடையில் அவள் போன் மூன்று முறை அடித்து ஓய்ந்தது.

ஒரு மணிக்கு எட்டு நிமிடம் இருக்கும்போது கடைசிக் கட்டும் கவுண்டருக்குள் போயிற்று. வெளியே வந்து போனை எடுத்தாள். நான்காவது முறையாக லூர்தம்மாள்.

"ஏண்டி மாலு, கூப்பிட்டா எடுக்க மாட்டியா? எதுக்கு விலாசம் கேட்ட?"

"முகாம் லெட்டர் வருது அத்தை. திங்களோ செவ்வாயோ வந்துரும்."

"நல்லதா போட்டுருக்கா, கெட்டதாவா?"

மாலதி ஸ்கூட்டர் சாவியை விரலில் இறுக்கினாள். "கவர்ல போட்டு ஒட்டியாச்சு அத்தை."

"எனக்குப் படிக்க யாரு இருக்கா? நீதான் வந்து படிச்சுச் சொல்லணும்."

"வாரேன்" என்றாள்.

அச்சகத்தில் இனிகோ பாழான கடிதங்களைக் கையாலேயே கிழித்துக்கொண்டிருந்தார். மாலதியும் உட்கார்ந்து ஒரு கட்டைப் பிரித்தாள். பாதிக் கட்டு கிழித்த பிறகு, புதன்கிழமை லீவு வேண்டும் என்றாள்.

அவர் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார்.

"போயிட்டு வா" என்றார்.