இரண்டு சிம்முக்கும் ஒரே திருடன்

கையெழுத்து கோணலாக இருக்கும், பிழையும் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். நான்காம் வகுப்போடு நின்றவன். சூரியநெல்லியில் தேயிலைத் தோட்டத் தொழிலாளி.

வங்கி மேலாளர் என்று ஒருவன் போனில் ஓ.டி.பி. கேட்டான். பாதி நம்பி, பிறகு துண்டித்தேன். என் சிம் கம்பெனியில் புகார் சொன்னதும் அந்த எண்ணைத் தடுத்தார்கள்.

நான்காம் நாள் அதே எண்ணிலிருந்து என் மனைவிக்கு அழைப்பு. அவளுடையது வேறு கம்பெனி சிம். ஆறு இலக்கத்தில் நான்கைச் சொல்லிவிட்டாள். திரையில் அதே எண்ணைப் பார்த்துப் போனைப் பிடுங்கினேன். அவள் கணக்கில் போட்டிருந்த மகளின் படிப்புப் பணம் தப்பியது.

சிம் விற்ற கடைக்காரரிடம் கேட்டேன். "ஒரு கம்பெனி இன்னொன்னுக்குச் சொல்லாதுண்ணே. எல்லாரும் சேந்து திருட்டு நம்பரைப் பதியுற, யாரும் அழிக்க முடியாத பிளாக்செயின்னு ஒரு பொதுக் கணக்கு வரணும்" என்றார். எப்போது வரும் என்று கேட்டால், அடுத்த ஆளுக்கு சிம் எடுக்கத் திரும்பிவிட்டார்.

வீட்டில் பொருமித் தீர்த்தேன். "கம்பெனிக்காரனைத் திட்டுறீகளே, நீங்க எங்கிட்டச் சொன்னீகளா?" என்றாள் மனைவி. எனக்கு வந்த அழைப்பைப் பாதி நம்பிய வெட்கத்தில் அவளிடம் மறைத்துவிட்டிருந்தேன்.

இப்போது அப்படி அழைப்பு வந்தால், காலையில் தோட்ட வேலைக்குப் பேர் பதியும் இடத்தில் எல்லோரிடமும் அந்த எண்ணைச் சொல்லிவிடுகிறேன். கூச்சமாகத்தான் இருக்கிறது.

எழுதியது: ஆடி மூன்றாம் தேதி.