ஸ்கூட்டர் மேல் ஒரு வழக்கு

"உங்கள் மீது நீதிமன்றத்தில் வழக்கு ஏதேனும் நிலுவையில் உள்ளதா?" விண்ணப்பப் படிவத்தில் இருந்த இந்தக் கேள்விக்கு எதிரே "இல்லை" என்று எழுத அக்கா பேனா மூடியைத் திறந்த அந்த நொடியில்தான் எனக்கு அது தோன்றியது.

"அது எப்படிக்கா உனக்குத் தெரியும்?"

"எது?"

"உன் மேல கேஸ் இல்லன்னு."

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "ஏண்டி, நான் பேங்க்ல கொள்ளையா அடிச்சேன்? எனக்குத் தெரியாம என் மேல எவன் கேஸ் போடுவான்?"

"அதத்தான் நானும் கேக்கறேன். போட்டிருந்தா எப்படித் தெரியும்?"

ஞாயிற்றுக்கிழமைக் காலை. புனேயில், வானவடியில் அக்காவின் வீடு. மாமா ராணுவத்தில் இருக்கிறார். அப்போது வேறு மாநிலத்தில் பணி. நான் ஹடப்ஸரில் வேலை கிடைத்து வந்து, அக்காவோடு தங்கி ஒரு வருடம் முடிந்திருந்தது. அந்தப் படிவம் பக்கத்துப் பள்ளி ஒன்றில் கணக்கு ஆசிரியை வேலைக்கானது. அக்காவுக்கு அது வெறும் வேலை இல்லை. கல்யாணமானதிலிருந்து மாமாவுக்கு இடமாற்றம் வரும்போதெல்லாம் இவள் பாதி வருடத்தில் வேலையை விட்டுவிட்டு ஓடியிருக்கிறாள். எல்லா ஊரிலும் தற்காலிக ஆசிரியைதான். நிரந்தர இடத்துக்கு இப்போதுதான் முதல் தடவையாக விண்ணப்பிக்கிறாள். வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்க வேண்டும். கீழே, எழுதியது எல்லாம் உண்மை, பொய் என்று தெரிந்தால் எப்போது வேண்டுமானாலும் நீக்கலாம் என்று ஒரு வரி, அதன் கீழே கையெழுத்து.

எனக்கு வேலை மென்பொருள் சோதனை. ஒரு பொத்தானை அழுத்தினால் என்ன ஆகும் என்று அழுத்திப் பார்ப்பதற்குச் சம்பளம் தருகிறார்கள். அந்தப் புத்தி வீட்டிலும் போகாது. மடிக்கணினியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

நீதிமன்றங்களின் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் பெயரைப் போட்டுத் தேடலாம் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். கோணல்மாணலான எழுத்துகளைப் பார்த்து அப்படியே தட்ட வேண்டும். நான்கில் மூன்று தடவை தப்பு என்று திருப்பி அனுப்பும். அக்கா பெயரை அப்பாவின் இனிஷியலோடு போட்டேன். மாமா பெயரைப் பின்னால் சேர்த்துப் போட்டேன். இங்கே எல்லோருக்கும் குடும்பப் பெயர் உண்டு, நமக்குக் கிடையாது. அதனால் முன்பின்னாக மாற்றியும் போட்டேன். ஒன்றும் வரவில்லை.

"பார்த்தியா? இப்ப எழுதட்டுமா, மேடம் அனுமதி குடுப்பீங்களா?"

"இரு, அக்கா. போக்குவரத்துக் கேஸ் எல்லாம் தனியா ஒரு இடத்துல இருக்காம். மெய்நிகர் நீதிமன்றமாம். கட்டடமே கிடையாதாம், எல்லாம் ஆன்லைன்தானாம்!"

"போடி, சிஐடி."

அங்கே வண்டி எண்ணைப் போட்டுத் தேடலாம். அக்காவின் ஸ்கூட்டர் எண்ணைப் போட்டேன். அது தமிழ்நாட்டு வண்டி. அக்கா கல்லூரி முடித்தபோது கோயம்புத்தூரில் அப்பா வாங்கிக் கொடுத்தது. அடுத்த இடமாற்றம் எப்போது வருமோ என்று நினைத்து எந்த ஊரிலும் பதிவை மாற்றாமல் ரயிலில் ஏற்றி ஏற்றி இறக்கிய வண்டி.

ஒரே ஒரு வரி வந்தது. அக்காவின் பெயர். பதினாறு எழுத்தும் எண்ணுமாக ஒரு வழக்கு எண். பக்கத்தில், நிலுவை.

சத்தியமாகச் சொல்கிறேன், முதலில் எனக்கு வந்தது சந்தோஷம். தேடியது கிடைத்துவிட்டதே! அந்தப் பதினாறில் முதல் இரண்டு மாநிலம், அடுத்தது மாவட்டம், கடைசி நான்கு வருடம் என்று பிரித்துப் படிக்க ஆரம்பித்துவிட்டேன். பிறகுதான் அக்காவைப் பார்த்தேன். அவள் பேனாவை மூடி வைத்திருந்தாள்.

"நமக்கு ஏன் ஒரு மெசேஜ்கூட வரல?" என்றாள்.

நல்ல கேள்வி. வண்டிப் பதிவில் யாருடைய கைப்பேசி எண் இருக்கிறது? வாங்கியவர் எண். கோயம்புத்தூருக்குப் போன் போட்டோம்.

"ஏஞ்சாமி, ஞாயித்துக்கெழம காலைல?" என்றார் அப்பா.

"அப்பா, உங்க போனுக்கு மராத்தியில ஏதாச்சும் மெசேஜ் வந்துச்சுங்களா?"

"அதெல்லாம் வந்துட்டேதான் கெடக்குது கண்ணு. இந்தில வரும், இன்னொன்னுலயும் வரும். லோன் வேணுமாங்கிறான். ஒண்ணும் புரியறதில்ல, வந்த கையோட அழிச்சுப்போடுவேன்."

"எல்லாத்தையுமாப்பா?"

"பின்ன, வெச்சுப் படிக்கவா? நீதான சொன்னே, தெரியாத மெசேஜத் தொடாதீங்கன்னு!"

நான்தான் சொன்னேன். போன தீபாவளிக்குப் போனபோது பக்கத்தில் உட்காரவைத்துப் பாடமே எடுத்திருந்தேன். புனே போக்குவரத்துக் காவல்துறை பொறுமையாக அனுப்பிய அறிவிப்புகளை அப்பா அதைவிடப் பொறுமையாக ஒவ்வொன்றாக அழித்திருக்கிறார். அக்கா போனை வாங்கி, ஒன்றுமில்லை, சும்மாதான் கேட்டோம் என்று சொல்லி வைத்தாள்.

அடுத்து, என்ன குற்றம் என்று பார்க்க வேண்டும். வழக்கோடு இணைத்திருந்த சலானில், அதாவது அபராதச் சீட்டில், பிரிவு எண் போட்டிருந்தது. நூற்று எண்பத்து நான்கு. மோட்டார் வாகனச் சட்டத்தை இறக்கி அந்தப் பிரிவைப் படித்தேன். ஆபத்தான முறையில் வண்டி ஓட்டுதல். சிவப்பு விளக்கைத் தாண்டுவது, கையில் போன் வைத்துக்கொண்டு ஓட்டுவது, எதிர்த்திசையில் ஓட்டுவது எல்லாம் அதில் அடக்கம். சிறைத்தண்டனை என்ற சொல்லும் இருந்தது. அதைச் சத்தமாகப் படித்திருக்க வேண்டாம்.

"ஜெயிலா?"

"அப்படி எல்லாருக்கும் குடுக்க மாட்டாங்கக்கா. ஆனா நீ கொஞ்சம் பார்த்து ஓட்டியிருக்கலாம். ராணுவக் குடும்பம், டீச்சர் வேலைக்குப் போறவ, சிக்னல்ல நிக்கறதுக்கு என்ன..."

நானா இப்படிப் பேசினேன் என்று இப்போது நினைத்தால் காது சூடாகிறது. ஐந்து நிமிடம் பேசினேன். அக்கா எந்தச் சிக்னல் என்று யோசித்துக்கொண்டிருந்தாள்.

சலானோடு ஒரு புகைப்படம் இருக்குமாம். அதைப் பார்க்க வண்டியின் சேசிஸ் எண்ணில் கடைசி நான்கு இலக்கம் வேண்டும். பதிவுச் சான்றின் ஜெராக்ஸில் சரியாக அந்த இடம் மடிப்பில் தேய்ந்திருந்தது. எண் வண்டியின் இரும்புச் சட்டத்திலேயே பொறித்திருக்கும். கீழே பார்க்கிங்கில் போய் மல்லாந்து படுத்து, கால் வைக்கும் பலகைக்கு அடியில் டார்ச் அடித்துத் தேடினேன். காவலாளி ஓடி வந்தார்.

"காய் ஜாலா, தாயி? என்ன ஆச்சு, விழுந்துட்டியா?"

"இல்ல காகா, நம்பர் படிக்கறேன்" என்றேன் இந்தியில்.

"நம்பர் பின்னால பெரிசா எழுதியிருக்கே!"

மண்ணைத் தட்டிக்கொண்டு மேலே வந்து நான்கு இலக்கத்தைத் தட்டினேன். புகைப்படம் மெதுவாக இறங்கியது. மழைக்காலத்துச் சாலை. பளபளக்கும் தார். எல்லா வண்டிகளும் ஒரு பக்கம் போக, ஓரமாக ஒரு ஸ்கூட்டர் மட்டும் எதிர்ப்பக்கம் போய்க்கொண்டிருந்தது. வண்டி கேமராவைத் தாண்டிப் போனபின் பின்னாலிருந்து எடுத்த படம். எண் தெளிவாக இருந்தது. முதுகும் தெளிவாக இருந்தது. முதுகில் ஒரு பை, பையின் மேல் கிளிப்பச்சை நிற மழை உறை.

அந்த உறை அப்போது எங்கள் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. என்னுடையது.

அக்கா படத்தைப் பார்த்தாள். ஆணியைப் பார்த்தாள். "ம், சொல்லு. சிக்னல்ல நிக்கறதுக்கு என்னன்னு சொல்லிட்டிருந்தியே" என்றாள்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், கம்பெனி பேருந்து கிடைக்காத நாட்களில் அக்காவின் ஸ்கூட்டரில் போவேன். திரும்பி வரும்போது முறையாக வந்தால் வெகுதூரம் போய் வளைந்து வர வேண்டும். சாலை ஓரமாக நூறடி எதிர்த்திசையில் வந்தால் எங்கள் சந்து. எல்லோரும் அப்படித்தான் வருவார்கள். பள்ளிக் குழந்தையைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு வருவார்கள். நான் வந்தது ஏழெட்டுத் தடவை இருக்கும். அதற்குச் சட்டத்தில் இருக்கும் பெயர் ஆபத்தான ஓட்டுதல் என்று அன்று காலைதான் படித்தேன். நான் சொல்லிக்கொண்டிருந்த பெயர் குறுக்கு வழி.

"சரி விடு. கட்டிட்டு முடி. தொல்லை தீரட்டும்" என்றாள் அக்கா.

பக்கத்தின் கீழே இரண்டு பொத்தான்கள். ஒன்று அபராதம் கட்ட, மற்றது எதிர்த்து வாதாட. முதல் பொத்தானை அழுத்தப் போனவள், மேலே இருந்த சிறிய வரியைப் படித்தேன். படிக்கிற பழக்கம் இல்லாதிருந்தால் அன்றே எல்லாம் முடிந்திருக்கும். கட்டினால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகப் பொருள்.

"அக்கா, இதை அழுத்தினா நீ ஆபத்தா வண்டி ஓட்டினேன்னு நீயே கோர்ட்ல சொன்ன மாதிரி."

"நான் ஓட்டவே இல்லையேடி!"

"அதான்."

படிவத்தை இழுத்துப் பார்த்தோம். வழக்கு நிலுவையில் உள்ளதா என்ற கேள்விக்கு அடுத்தது, எந்த வழக்கிலாவது குற்றவாளி எனத் தீர்மானிக்கப்பட்டதுண்டா. கட்டாவிட்டால் முதல் கேள்வியில் மாட்டுவாள். கட்டினால் இரண்டாவதில் மாட்டுவாள். அவள் செய்யாத ஒன்றுக்கு.

அன்று மதியம் அக்கா படிவத்தை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டுச் சமைக்கப் போனாள். திட்டியிருந்தால் தேவலை.

செவ்வாய்க்கிழமை அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு நீதிமன்றத்துக்குப் போனேன். வளாகத்துக்குள் அதுவரை நான் கால் வைத்ததில்லை. கறுப்புக் கோட்டுகள், டீக்கடை, மரத்தடியில் தட்டச்சு செய்பவர்கள். சுவரில் அன்றைய வழக்குப் பட்டியல் ஒட்டியிருந்தது. வரிசை எண், வழக்கு எண், பெயர்கள். ஒவ்வொருவராக வந்து தங்கள் பெயரைத் தேடி விரலை ஓட்டிக்கொண்டிருந்தார்கள். எனக்கு எந்தப் பெயரும் தேட வேண்டியதில்லை, இருந்தும் முழுப் பட்டியலையும் படித்தேன்.

தகவல் கேட்கும் ஜன்னலில் ஒரு பெண்மணி. நான் அச்சடித்து எடுத்துப் போன தாள்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இந்தியில், "யாருடைய வண்டி?" என்றார்.

"அக்காவுடையது."

"யார் ஓட்டியது?"

"நான்."

அவர் தலையை நிமிர்த்தினார். "இங்கே வருகிறவர்கள் எல்லாம் நான் ஓட்டவில்லை என்றுதான் சொல்வார்கள். நீ புதிதாக இருக்கிறாயே!" என்று சொல்லிவிட்டுப் பக்கத்து மேசைக்காரரிடம் மராத்தியில் எதையோ சொன்னார். இருவரும் சிரித்தார்கள். கேலிதான், ஆனால் அதற்குப் பிறகு நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு பேசினார்.

சலான் என்பது காவல்துறை தரும் காகிதம். கட்டாமல் விட்டால் அது நீதிமன்றத்துக்குப் போய் வழக்காகிறது. இணையத்தில் பணம் கட்டினால் 'குன்ஹா கபூல்', குற்றம் ஒப்புக்கொண்டாயிற்று, வழக்கு அங்கேயே முடிந்தது. வாதாடுகிறேன் என்று அழுத்தினால் வழக்கு அந்தப் பகுதியின் மாஜிஸ்திரேட்டிடம் மாறிப் போகும், புது எண் வரும், தேதி வரும். சொந்தக்காரர் வந்து, ஓட்டியது இன்னார் என்று சொல்லலாம். இன்னாரும் கூட வந்தால் நல்லது.

"இன்னாருக்கு என்ன ஆகும்?" என்றேன்.

"அது மாஜிஸ்திரேட் சாஹேப் சொல்வார். லைசென்ஸைக் கொண்டு வா. வேண்டுமானால் ஒரு வக்கீலிடம் கேள்." அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

அன்று மாலை அக்காவிடம் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். மாமாவிடம் போனில் கேட்கலாமா என்றேன். வேண்டாம் என்றாள். அவர் அந்தப் பக்கம் உட்கார்ந்து கவலைப்பட்டு என்ன ஆகப் போகிறது, கையெழுத்து என்னுடையதுதானே என்றாள். பிறகு படிவத்தை எடுத்து, முதல் கேள்விக்கு எதிரே "ஆம்" என்று எழுதினாள். கணக்கு டீச்சர் எழுத்து, ஒரு கோணல் இல்லை. விவரம் எழுத ஒரு விரல் அகலம்தான் இடம் இருந்தது. தனித்தாள் எடுத்தாள். வழக்கு எண்ணை நான் படிக்கப் படிக்க எழுதினாள். வண்டி என் பெயரில் உள்ளது. ஓட்டியது என் தங்கை. நீதிமன்றத்தில் இதைத் தெரிவிக்க இருக்கிறோம். மூன்று வரிதான். இரண்டாவது கேள்விக்கு "இல்லை".

"இத பார்த்துட்டு கூப்பிடாமயே விட்டுட்டா?" என்றேன்.

"விட்டா விடட்டும். தெரியாம எழுதியிருந்தா வேற. தெரிஞ்சுட்டு எப்படி எழுதறது?" என்றவள், பேனாவை மூடிக்கொண்டே, "நீ வந்து நிப்பல்ல?" என்றாள். கேலி இல்லாமல் கேட்டாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

வியாழக்கிழமை படிவத்தைக் கொடுத்துவிட்டு வந்தாள். வாங்கியவர் தனித்தாளைப் பார்த்து, இது என்ன என்று கேட்டாராம். படித்தாராம். பின் குத்தி வைத்துக்கொண்டாராம். அவ்வளவுதான். அன்றே இரண்டாவது பொத்தானை அழுத்தினோம்.

இப்போது தினமும் காலையில் அந்த இணையதளத்தைத் திறந்து, வழக்கு எங்கே மாறியிருக்கிறது என்று தேடுகிறேன். பழைய எண்ணில் "மாற்றப்பட்டது" என்று வந்துவிட்டது. புது எண் இன்னும் வரவில்லை. ஸ்கூட்டர் எடுக்கும் நாட்களில், ஹடப்ஸரிலிருந்து திரும்பும்போது முழுத் தூரமும் போய் வளைந்து வருகிறேன். எதிரே ஓரமாக வருகிறவர்கள் வழி விடச் சொல்லி என்னைப் பார்த்து ஹாரன் அடிக்கிறார்கள்.

அடுத்த வாரம் இன்னொரு அரை நாள் விடுப்பு. எங்கள் தேதி வருவதற்கு முன்னால், போக்குவரத்து வழக்குகள் நடக்கும் அறையில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, மற்றவர்கள் எப்படிப் பேசுகிறார்கள் என்று கேட்கப் போகிறேன். எங்கே நிற்க வேண்டும், லைசென்ஸை எப்போது நீட்ட வேண்டும், கேட்காமல் பேசலாமா என்று எதுவும் தெரியாது. சொல்ல வேண்டிய முதல் வாக்கியத்தை மட்டும் ஆபீசில் ஒரு தோழியிடம் மராத்தியில் கேட்டு வைத்திருக்கிறேன். "காடீ மீ சாலவத் ஹோதே." வண்டியை ஓட்டியது நான். குளிக்கும்போது சொல்லிப் பார்க்கிறேன், சரளமாக வருகிறது. மாஜிஸ்திரேட் அதற்கு மேல் ஏதாவது கேட்டால் இந்தியோ ஆங்கிலமோ வாய்க்கு வருவதில் சொல்ல வேண்டியதுதான். அக்கா பக்கத்தில் நிற்பாள்.